சிறையிருந்த அரசனின் ஆட்சியாண்டு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சட்டமும் கலைச்சொற்களும் சொல்லித்தர என்னால் முடியாது. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் இங்கே பிறந்து, இங்கே படித்து, பரீட்சை எழுதிச் சான்றிதழோடு வந்தவர்கள். நாங்கள் எண்பதுகளில் மொழிபெயர்ப்பாளர் ஆனது வேறு விதம். ஜெர்மன் மொழியில் பாலும் பாணும் வாங்கத் தெரிந்தவனை எல்லாம் பிடித்துக் கதிரையில் இருத்திய காலம் அது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரைகளில் நானும் ஒருவன்.

படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்து, அதை முடித்துக்கொண்டு இங்கே சுவிசில், பாடன் நகரின் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தேன். எங்கள் ஆட்கள் அகதிகளாக வரத் தொடங்கியதும் அவர்களை விசாரிக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து என் மேலாளருக்குத் தொலைபேசி வந்தது. உங்களிடம் ஒரு தமிழர் இருக்கிறாராமே, அரை நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டார்கள். துளைபோடும் இயந்திரத்தை இரவல் கேட்பது போலத்தான் கேட்டார்கள். மேலாளரும் கொடுத்தார். அந்த அரை நாள் முப்பது வருடமாக நீண்டுவிட்டது.

எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. முதல் நாள் ஓர் அதிகாரி சொன்னது ஒன்றுதான். வந்தவர் சொல்வதைச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள். ஆனால் எங்கள் சனத்துக்கு அப்படி ஒரு மனிதன் இருப்பான் என்பதே நம்ப முடியாத விடயம். ஊரில் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் கந்தோருக்கு, ஓர் அலுவலாகப் போனால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவோம். நாம் ஒன்று சொன்னால் அவர் அதைப் பத்தாக்கி, மரியாதை சேர்த்து, துரைக்குப் பிடித்த மாதிரிச் சொல்லிக் காரியத்தை முடித்துத் தருவார். என்னையும் அப்படித்தான் நினைத்தார்கள். கதவு திறக்குமுன் என் காதோடு சொல்லுவார்கள், "அண்ணை, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

ஆரம்பத்தில் வந்த ஓர் இளைஞனிடம், நாட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே அண்ணை." நான் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். பொடியன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணன் என்று நம்பிக் கையைப் பிடித்தவனைக் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தான். பிறகு அந்த அதிகாரியே பொறுமையாக விளக்கினார், இந்த மனிதர் உங்கள் குரல் மட்டும்தான், கதை உங்களிடம் இருந்துதான் வர வேண்டும் என்று. அதற்குப் பிறகு அவன் மத்தியானம் வரை கதைத்தான். அவனை நான் காப்பாற்றப் போயிருந்தால் அவனுடைய கதை என் இரண்டு வசனத்தோடு முடிந்திருக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம், இனி நான் சொல்லப் போகிற மனிதர் என்னிடம் அப்படி ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

அறையில் கேட்டதை வெளியே சொல்லலாமா என்று உங்களில் யாரோ புருவம் உயர்த்துவது தெரிகிறது. உயர்த்த வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு அவரே எனக்கு அனுமதி தந்தார். என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வரம்பும் கட்டித் தந்தார். பெயர் வேண்டாம் என்றார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தமிழர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம். பனிப்புகார் மூடிய ஒரு காலை. அறையில் நாங்கள் நான்கு பேர். விசாரித்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும், வாயில் புகைக்கிற சுங்கான். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வதற்கு ஒரு அம்மையார் இருந்தார். மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். யாரோ தானமாகக் கொடுத்த பெரிய மேலங்கியைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். வயதில் சிறியவனுக்கு எழுந்து நின்ற அந்த ஆளைப் பார்த்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது.

அவரிடம் கேள்வி கேட்பது, மூடிய பெட்டியைத் தட்டிப் பார்ப்பது மாதிரித்தான் இருந்தது. கைது செய்தார்களா? ஓம், கொண்டுபோனவை. எவ்வளவு காலம்? கொஞ்சக் காலம். அங்கே எப்படி நடத்தினார்கள்? "அது நடந்தது." இதுதான் மறுமொழி. தன் மாணவர்களுக்கு நடந்ததை விவரமாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொன்னார். தனக்கு என்று வந்ததும் வசனம் சுருங்கிவிடும்.

எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்து வாத்தியார், அதுவும் அந்த வயதில், தன் உடம்புக்கு என்ன செய்தார்கள் என்று முன்பின் தெரியாத இளைஞன் ஒருவனிடம், ஒரு பெண் பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்ய, எப்படிச் சொல்வார்? ஆனால் அதிகாரிக்கு அது விளங்க நியாயமில்லை. அவருக்கு முன்னால் ஒரு தாள் இருந்தது, அதில் ஒன்றும் ஏறவில்லை. இப்படியே போனால் திருப்பி அனுப்பும் முடிவுக்கு அந்தத் தாளே போதும். அது மாஸ்டருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர் உண்மையிலேயே ஆசிரியர்தானா என்று சோதிக்க நினைத்தார். சரித்திர ஆசிரியர் என்கிறீர்கள், கடைசியாக எந்தப் பாடம் படிப்பித்தீர்கள், சொல்லுங்கள் என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலங்கியின் மேல் பொத்தானைக் கழற்றினார். சோழப் பேரரசின் வீழ்ச்சி என்றார். அதற்குப் பிறகு அந்த அறை ஒரு வகுப்பாகிவிட்டது.

"எல்லாரும் முதலாம் இராசராசனைப் படிப்பிக்கத்தான் ஆசைப்படுவினம். பெரிய கோயில், கப்பல்படை. நான் மூண்டாம் இராசராசனிலைதான் கூட நேரம் எடுப்பன். அந்தாள் எழும்பேக்கை எல்லாம் விழத் தொடங்கிப் போட்டுது."

அவர் சொன்னதை ஒவ்வொரு வசனமாக ஜெர்மனுக்குக் கொண்டுபோனேன். அந்த அரசனுக்கு முன் ஆண்ட சோழனிடமிருந்து பாண்டியன் சோழநாட்டைப் பிடித்து, பிறகு தானே முடியைத் திருப்பிக் கொடுத்திருந்தான். இரவல் முடி மாதிரிக் கைமாறி வந்த அரசுதான் மூன்றாம் இராசராசனுக்குக் கிடைத்தது. அவன் பாண்டியனுக்குத் திறை கட்ட மறுத்தான். படையோடு போனான், தோற்றான், வடக்கே ஓடினான். ஓடுகிற வழியில் மறித்தது வெளிநாட்டு எதிரி அல்ல. சோழருக்குக் கீழே இருந்த கோப்பெருஞ்சிங்கன் என்ற தலைவன். அவன் தன் அரசனைப் பிடித்துச் சேந்தமங்கலம் கோட்டையில் சிறைவைத்தான். கடல் கடந்து கொடி பறந்த வம்சத்தின் சக்கரவர்த்தி, தன் ஆளின் கோட்டையில் கைதி.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவன். சோழர் என்றால் எனக்கு வெற்றிதான். ஒரு சோழன் சிறையில் இருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அந்தப் பனிப்புகாருக்குள், ஒரு வெளிநாட்டு அரசாங்க மேசையின் முன், ஓர் இரவல் மேலங்கியில் இருந்துகொண்டு அவர் அதைச் சொல்லச் சொல்ல, என் கைமயிர் சிலிர்த்தது. அவர் ஒரு தேதியைக்கூடத் தேடவில்லை. குரலும் உயரவில்லை.

அதிகாரி சுவர்மணிக்கூட்டைப் பார்த்தார். சுருக்கிச் சொல்லுங்கள் என்று எனக்குச் சொன்னார். என்னால் சுருக்க முடியாது, மொழிபெயர்க்கத்தான் முடியும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மாஸ்டர் சேந்தமங்கலத்தோடு நிறுத்தினார். "அந்தளவிலை மணி அடிச்சுப்போட்டுது. மிச்சம் அடுத்த பாடத்திலை எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனான்." அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி தலையாட்டிவிட்டு அம்மையார் பக்கம் திரும்பி ஒரு வசனம் சொன்னார். விண்ணப்பதாரர் தமது பிராந்தியத்தின் வரலாறு பற்றிச் சில தகவல்களைத் தருகிறார். தட்டச்சில் அது ஒரு வரிகூட நிறையவில்லை.

விசாரணை முடிந்ததும் பதிவு முழுவதையும் தமிழில் திரும்பச் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு அவர் கையெழுத்திட வேண்டும், நானும் இட வேண்டும். உங்களுக்குத் தெரிந்த முறைதான். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் பேனாவை எடுத்தார். பிறகு அதை மேசையில் குறுக்கே வைத்துவிட்டார்.

"நீங்கள் சொன்னது எல்லாம் சரி தம்பி. அவர் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொன்னனான். அது இதிலை இல்லை. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

இதில் என்ன பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். தனக்கு நடந்ததை மறைத்தவர், எழுநூறு வருடத்துக்கு முந்திய ஓர் அரசன் பதிவில் வரவில்லை என்று தன் கழுத்திலேயே கயிறு போடுகிறாரே! அதிகாரியும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் கடுமையாக. கையெழுத்திட மறுத்தார் என்று குறிப்பு எழுதினால் அது உங்களுக்கு நல்லதல்ல என்றார். நான் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் அசையவில்லை. அப்போது அதிகாரி என்னிடம் திரும்பி, நீங்கள் அவருடைய நாட்டவர்தானே, எடுத்துச் சொல்லுங்கள் என்றார். என் முதல் நாள் பாடத்தை எனக்குச் சொன்ன அதே அலுவலகம், இப்போது என்னைக் கச்சேரிக்குக் கூட்டிப்போகிற ஆளாக்கப் பார்த்தது.

நல்லவேளை, பன்னிரண்டு மணி அடித்தது. சுவிசில் பன்னிரண்டு மணிக்குச் சண்டையே நின்றுவிடும். அதிகாரி சாப்பிடப் போனார், அம்மையார் போனார். நடையில், காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு. ஒரு முனையில் மாஸ்டர், மறு முனையில் நான். நடுவில் என் பையும் எங்கள் இரண்டு பேருடைய வாயில்லாத தமிழும். விசாரணை முடியாமல் அவரோடு கதைக்கக்கூடாது. மாஸ்டர் ஒரு கடதாசிப் பையிலிருந்து பாணை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார். எங்களுக்குள் சாப்பாட்டை மறுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். அவர் ஒரு கணம் பார்த்தார், விளங்கிக்கொண்டார், அந்தத் துண்டைத் தான் சாப்பிடாமல் திரும்பப் பைக்குள் வைத்தார். அந்த ஒரு துண்டுப் பாணுக்கு நான் இன்றும் கடன்பட்டவன் போலத்தான் இருக்கிறேன்.

அதிகாரி திரும்பி வந்து என்னைத் தனியே அழைத்தார். கோட்டுகள் தொங்கும் மூலையில் நின்று தணிந்த குரலில் சொன்னார். நீங்கள் மொழிபெயர்த்தீர்கள், திரும்பவும் வாசித்துக் காட்டினீர்கள், உங்கள் கையெழுத்து இருந்தால் போதும், அவர் மறுத்ததை நான் குறித்துக்கொள்கிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். எனக்கு வருட அனுமதி மட்டும்தான் இருந்தது. அதே மாதிரி ஓர் அலுவலகம்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும். பின்கதவால் பழிவாங்குகிற நாடல்ல இது என்று இன்றைக்கு நான் சொல்லுவேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பயம் என்றால் நல்ல பயம். இன்னொரு பக்கம் என் நாக்கின் நுனியில் ஒரு வசனம் துடித்தது. ஐயா, அவர் அரசனைப் பற்றிச் சொல்லவில்லை, தன்னைப் பற்றித்தான் சொல்கிறார். அதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் சொல்லவில்லை. என் ஊகம் பிழையாக இருந்தால் அவர் தலையில் இல்லாத ஒரு கதையைக் கட்டிவிடுகிறேன். சரியாக இருந்தால் அது இன்னும் மோசம். அவர் ஐம்பது வயதுவரை காத்த மானத்தை, நடையில் நின்று, அவருக்குத் தெரியாமல், நான் திறந்து காட்டுகிறேன். அது அவருடைய பெட்டி. பூட்டின் திறப்பும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

அதனால் எனக்கு உரிமை உள்ளதை மட்டும் சொன்னேன். "நான் மொழிபெயர்த்தது இந்தப் பதிவில் இல்லை. அது இல்லாமல் நானும் கையெழுத்திட முடியாது. பாடம் முடியவில்லை என்று அவர் சொன்னார். அதையும் நான் உங்களுக்கு மொழிபெயர்த்தேன்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். கோபப்பட்டார் என்றுதான் நினைத்தேன். அறைக்குள் போய் உட்கார்ந்து, சுங்கானைத் தட்டித் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். அம்மையார்தான் முதலில் அசைந்தார். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒரு புதுத் தாளை எடுத்து உருளையில் சுற்றினார். அந்தக் கரகரவென்ற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அதிகாரி மாஸ்டரைப் பார்த்து, சரி, அந்த அரசனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

மாஸ்டர் முதலிலிருந்தே தொடங்கினார். இந்தமுறை ஒவ்வொரு வசனமும் தாளில் ஏறியது. சிறைவைத்த சேதி மைசூர்ப் பக்கத்துப் போசள அரசனுக்கு எட்டியது. அவன் தன் தளபதிகளை அனுப்பினான். மீட்க வந்த படை வழியில் இருந்த ஊர்களை அழித்துக்கொண்டே வந்தது என்பதையும் மாஸ்டர் விடவில்லை. கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் அரசனை விட்டான். இதெல்லாம் எப்படி உங்களுக்குத் தெரியும் என்று அதிகாரி கேட்டார். அது சோதிக்கும் கேள்வி அல்ல. குரல் மாறியிருந்தது.

கடலூருக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் கல்வெட்டு இருக்கிறது என்றார் மாஸ்டர். அரசன் பிடிபட்டதும் சிறையிருந்ததும் மீண்டதும் அதில் வெட்டியிருக்கிறது. பிறகு மேசையில் விரலை வைத்து, மெதுவாக, ஒரு வரியை எழுதிக் காட்டுவது போலச் சொன்னார்.

"அந்தக் கல்லு எப்பிடித் தொடங்குது தெரியுமோ? அந்த இராசராசனுக்கு இத்தனையாம் ஆண்டு எண்டுதான் தொடங்குது. அவர் சிறையிலை கிடந்த கதையைச் சொல்லுற கல்லிலையே அவரின்ரை ஆட்சியாண்டு. பிறகும் இருபது வருசத்துக்கு மேலை கல்லுகளிலை அவரின்ரை ஆண்டுதான் வருது. சிறையிலை இருந்த நாளை ஒருத்தரும் கழிக்கேல்லை. அதையும் சேத்துத்தான் எண்ணினவை."

நான் இதை ஜெர்மனில் சொல்லும்போது என் குரல் தளம்பியது. தொழிலில் அது கூடாது. ஆனால் அம்மையாரும் ஒரு கணம் தட்டுவதை நிறுத்திவிட்டார். உளி பிடித்த எவனோ ஒரு கல்தச்சன், அரசு இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது, தோற்றுப்போன ஒரு மனிதனின் பெயரில் காலத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த எண்ணிக்கை கடல் தாண்டி, மலை தாண்டி, நாங்கள் இருந்த மேசைக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய விடயத்தின் முன் நான் ஒரு தும்பு மாதிரி இருந்தேன்.

அதிகாரி சுங்கானைப் பற்றவைக்கவில்லை. முன்னுக்குச் சாய்ந்து கேட்டார், சிறைக்குள் அந்த அரசன் எப்படி இருந்தான், அவனுக்கு என்ன நடந்தது?

"அது கல்லிலை இல்லை" என்றார் மாஸ்டர்.

அப்படியென்றால் யாருக்குமே தெரியாதா என்று கேட்டார் அதிகாரி.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனிப்புகார் கலைந்து எதிர்க் கட்டடத்தின் ஓடுகள் தெரிந்தன. அவர் மற்றப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலங்கியைக் கதிரையில் போட்டார். "எனக்குத் தெரியும்" என்றார்.

அன்று பின்னேரம் அவர் சொன்னதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அவர் கட்டிய வரம்புக்குள் அது வராது. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் 'நான்' என்று சொன்னபோதெல்லாம் நானும் ஜெர்மனில் 'நான்' என்று சொன்னேன். முறை அதுதான். ஆனால் இன்னொருவருடைய 'நான்' என் வாயில் இருப்பது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்தத் தொழில் மேல் எனக்குப் பயபக்தி வந்தது அந்தப் பின்னேரத்தில்தான். நீங்கள் அதைச் சம்பளத்துக்குச் செய்யலாம், தவறில்லை. பாரம் தெரியாமல் செய்யாதீர்கள்.

கடைசியில் ஒன்று சொன்னார். அந்தக் கடைசிப் பாடத்தன்று சேந்தமங்கலத்தோடு மணி அடித்து, பள்ளிக்கூட வாசலில் வெளிப்படலைக்கு வரும்போதுதான் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விடுதலையாகி வந்து ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் போனாராம். சுவரில் இருந்த பாட நேரசூசியில் அவர் பெயரை யாரும் அழிக்கவில்லை. அவருடைய பாட நேரத்துக்குப் பள்ளி அதிபர் வேறு ஆசிரியரை அனுப்பவே இல்லை. பிள்ளைகள் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கதைக்காமல் இருந்துவிட்டு, மணி அடித்ததும் மூடிவைப்பார்களாம். அங்கே தொடர்ந்து இருக்க முடியாத நிலை, அதனால் மிச்சப் பாடத்தைச் சொல்லாமலே புறப்பட்டுவிட்டார்.

பதிவைத் திரும்பவும் தமிழில் சொல்லி முடித்தேன். மாஸ்டர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். நான் இட்டேன். தாள்களை அடுக்கும்போது அதிகாரி முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டி நின்றார். அதில் தொழில் என்ற இடத்தில் காலையில் 'முன்னாள் ஆசிரியர்' என்று போட்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. அவர் பேனாவை எடுத்து 'முன்னாள்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு கீறினார், பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்தார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த மனத்தாங்கல் அதோடு போய்விட்டது.

அந்த வாசலைத் தாண்டினால் எங்களுக்கு எதுவும் தெரியாது. முடிவு என்ன என்று மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் அறிவிப்பதில்லை. கேட்கவும் கூடாது. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பற்றிப் பத்திரிகையில் வரும்போது எனக்கு அந்தப் பெரிய மேலங்கி ஞாபகம் வரும். தெரியாமல் வாழப் பழகுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி என்று பெரிய வாய் கொண்டு சொல்லுவேன். என் மனைவியைக் கேட்டால் தெரியும், நான் எவ்வளவு பழகினேன் என்று.

எண்பதுகள் முடியும் நேரம். நாங்கள் பேர்ணுக்கு வீடு மாறியிருந்தோம். அங்கே பூம்ப்ளிஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தைச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் இறங்கும்போதே குரல் கேட்டது. உயராத குரல். கால் அப்படியே நின்றுவிட்டது.

கதவு பாதி திறந்திருந்தது. கரும்பலகைக்கு முன்னால் மாஸ்டர், அளவான சட்டையில். பத்துப் பதினைந்து பிள்ளைகள். சோழ அரசன் ஓடிவருகிறான், வழியில் கோப்பெருஞ்சிங்கன் மறிக்கிறான். சேந்தமங்கலம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் என் கையை உதறிவிட்டு உள்ளே போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டாள்.

விசாரணையில் குரல் கொடுத்த ஒருவரை வெளியே கண்டால் நாங்கள் முதலில் வணக்கம் சொல்வதில்லை. அவருக்கு எங்களைத் தெரிய வேண்டுமா இல்லையா என்பது அவருடைய விருப்பம். அதனால் நான் வாசலிலேயே நின்றேன். மாஸ்டர் என்னைக் கண்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "மாஸ்டர், ஜெயிலுக்குள்ள அந்த ராஜாவுக்கு என்ன நடந்தது?"

மாஸ்டர் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலால் நேராக என்னைப் பார்த்தார். அந்த அறையில் அதற்கு மறுமொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

"அது கல்லிலை இல்லை, பிள்ளை" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, போசளப் படை புறப்பட்ட இடத்திலிருந்து மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினார். இந்தமுறை மணி அடிக்க யாரும் இல்லை. பாடம் முடியும் வரை நான் அந்த வாசலில் நின்றேன்.